ஹால்ஸ்டாட் மலைமேல் மாதா கோவில்: போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரியாவில் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் "ஹால்ஸ்டாட் கூட்டிப்போ" என்கிறார்கள். ஏரி, மலை, மரவீடு என்று ஆயிரம் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள். கரையோரமாக நடந்து, படம் எடுத்து, காபி குடித்துவிட்டு அடுத்த படகில் கிளம்பிவிடுவார்கள். தலைக்கு மேலேயே நிற்கும் கத்தோலிக்கக் கோவிலைப் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் அந்த ஊரைப் புரிந்துகொள்ள ஏற வேண்டிய இடமே அதுதான். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கெல்லாம் இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தக் கோவிலைப் பற்றிப் பேசுகிறீர்கள்? படங்களில் தெரியுமே, ஊசி மாதிரிக் கூரான கோபுரம், அதுவா?

அது இல்லை. எல்லாரும் விழுகிற முதல் குழி இது. காலண்டரிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏரிக்கரையில் ஒல்லியாக நிற்கும் அந்தக் கோபுரம் சீர்திருத்த சபையாரின், அதாவது லூத்தரைப் பின்பற்றும் கிறிஸ்தவர்களின் கோவில். சந்தைச் சதுக்கத்தை ஒட்டி இருக்கிறது, 1863ல் திறக்கப்பட்டது. அந்தப் படத்திலேயே சற்று இடுப்பு பெருத்த ஒரு கோபுரம் மலைச்சரிவில், வீடுகளுக்கு மேலே தெரியும். அதுதான் நாம் பேசுவது. மரியாவின் விண்ணேற்புக்கு நேர்ந்துவிடப்பட்ட பங்குக் கோவில், அதாவது வட்டாரக் கத்தோலிக்கர்களுக்கான கோவில். ஊர்க்காரர்கள் 'மரியா அம் பெர்க்', அதாவது மலைமேல் மாதா, என்பார்கள்.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஹால்ஸ்டாட்டின் நகல் ஒன்றைக் கட்டி 2012ல் திறந்தார்கள். அங்கேயும் சதுக்கத்தையும் கூர்க்கோபுரத்தையும்தான் நகல் எடுத்தார்கள். மேலே இருக்கும் கல்லறைத் தோட்டத்தை யார் நகல் எடுப்பது?

ஒரு சின்ன ஊருக்கு எதற்கு இரண்டு கோவில்?

ஊரில் இன்று சுமார் 750 பேர்தான். ஆனால் கதை பெரியது. 16ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த மார்ட்டின் லூத்தரின் போதனை இந்த உப்புச் சுரங்கப் பகுதியில் ஆழமாக வேர் பிடித்தது. அப்புறம் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசர்கள் எல்லாரையும் மறுபடி கத்தோலிக்கராக்கப் பார்த்தார்கள். வெளியே கத்தோலிக்கர், வீட்டுக்குள் ரகசியமாக லூத்தரன் பைபிள் என்று பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. மசியாதவர்களை 1734ல் பேரரசர் ஆறாம் சார்லஸ் காலத்தில் படகில் ஏற்றி, இன்றைய ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1781ல் இரண்டாம் ஜோசப் சகிப்பு ஆணை பிறப்பித்த பிறகுதான் வெளிப்படையாகக் கும்பிட முடிந்தது. அப்போதும் கோபுரம் வைக்கக் கூடாது, மணி அடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. முழு உரிமை 1861ல் வந்தது. இரண்டே வருடத்தில் அந்த ஊசிக் கோபுரம் எழும்பிவிட்டது. அத்தனை காலம் கோபுரம் இல்லாமல் இருந்தவர்கள், கட்டும்போது ஏன் அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்பது கரையில் நின்று அண்ணாந்து பார்த்தாலே விளங்கும்.

கத்தோலிக்கக் கோவில் மட்டும் ஏன் மலைமேல்?

கீழே இடமே இல்லை. ஏரிக்கும் பாறைக்கும் நடுவில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. 1890ல் கரையோரமாகச் சாலை வெட்டும்வரை வெளியிலிருந்து ஊருக்குள் வர ஒன்று படகு, இல்லையென்றால் மலைப்பாதை. இந்த இடப் பஞ்சத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். அங்கே பார்க்கும் விசித்திரங்கள் பலவும் இதிலிருந்துதான் பிறந்தவை.

இந்த இடத்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே கோவில் இருந்திருக்கிறது. இப்போது நிற்கும் பிற்காலக் கோதிக் கட்டடம் 1505ல் முடிந்தது. பணம் உப்பிலிருந்து வந்தது. 'ஹால்' என்பதே உப்போடு ஒட்டிய பழைய சொல். மேலே உள்ள பள்ளத்தாக்கில் ஏழாயிரம் வருடமாக உப்பு எடுக்கிறார்கள். ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முதல் கட்டத்துக்கே 'ஹால்ஸ்டாட் பண்பாடு' என்று இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எப்படிப் போவது?

ரயிலில் போங்கள், அதுதான் அழகு. சால்ஸ்பர்க்கிலிருந்தோ வியன்னாவிலிருந்தோ வந்தால் ஆட்நாங்-புக்ஹைம் சந்திப்பில் மாற வேண்டும். ஹால்ஸ்டாட் ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. இறங்கினால் காட்டு ஓரத்தில் ஒரு சின்ன நடைமேடை, அதன் கீழே படகுத்துறை, அவ்வளவுதான். படகு ரயில் நேரத்தை ஒட்டியே ஓடும். பத்து நிமிடத்துக்குள் அக்கரை.

திரும்பும்போது கவனம். படகு மாலையோடு நின்றுவிடும். ஒரு முறை சித்தியை அழைத்துப் போயிருந்தேன். கோவில் மதில் ஓரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். கீழே இறங்கி வந்தால் கடைசிப் படகு ஏரி நடுவில் போய்க்கொண்டிருக்கிறது. சித்தி கைக்குட்டையை ஆட்டி "இந்தாப்பா, நில்லு" என்று தமிழில் கூப்பிட்டும் பார்த்தார். தப்பு என்னுடையது, அட்டவணையைப் பார்க்கவில்லை. டாக்சி பிடித்து ஏரியைச் சுற்றிக்கொண்டு ஓபர்டிரவுன் நிலையத்துக்குப் போய் ரயில் ஏறினோம். டாக்சிக் காசுக்கு மதியம் மூன்று பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம்.

காரில் வந்தால் பகலில் ஊருக்குள் விடமாட்டார்கள். வெளியே நிறுத்துமிடங்கள் உண்டு. கோடையில் காலையிலேயே நிரம்பிவிடும்.

முழங்கால் வலி இருக்கிறவர்கள் ஏற முடியுமா?

படகுத்துறையிலிருந்தோ சதுக்கத்திலிருந்தோ பத்து நிமிட ஏற்றம். படிகள், சந்துகள், அப்புறம் மறுபடி படிகள். மரக்கூரை போட்டு மூடிய படிக்கட்டு ஒன்றும் உண்டு, மழையிலும் பனியிலும் அதுதான் தோது. நின்று நின்று ஏறினால் அறுபது வயதுக்காரர் சமாளிக்கலாம். சக்கர நாற்காலிக்கு வாய்ப்பில்லை. சிலர் "கேபிள் ரயில் இருக்கிறதே" என்பார்கள். அது உப்புச் சுரங்கத்துக்குப் போகிறது, கோவிலுக்கு இல்லை. குளிர்காலத்தில் கல் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள். கழிப்பறை வேலையைக் கீழேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு பக்கத்துக்கும் சமமான இடம் விட்டு, நடுவில் தூண்வரிசை வைத்துக் கட்டிய கோவில். வழக்கமாக நடுவில் ஓர் அகலமான கூடமும் இருபுறமும் தாழ்வாரமும் இருக்கும். இங்கே கூடமே இரண்டு. உள்ளே நுழைந்ததும் எந்தப் பக்கம் போவது என்று ஒரு கணம் கால் தயங்கும்.

தவறவிடக் கூடாதது மாதா பலிபீடம். லியோன்ஹார்ட் ஆஸ்டல் என்ற சிற்பியின் வேலை, 1510-1520ஐ ஒட்டிய காலம். கதவு போலத் திறந்து மூடும் இறக்கைகள் கொண்ட பலிபீடம். அந்தக் காலத்தில் சாதாரண நாளில் மூடிய நிலையில் ஓவியம், பெருவிழா அன்று திறந்தால் பொன் பூசிய மரச்சிற்பம் என்று வைத்திருந்தார்கள். எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளிக்கு இன்று என்ன நாள் என்று பீடமே சொல்லிவிடும்.

நடுவில் குழந்தையோடு மாதா. இருபுறமும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் புனித பார்பரா, சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாவலி. டிசம்பர் 4 அவர் திருநாள், சுரங்க ஊர்கள் இன்றும் கொண்டாடுகின்றன. இன்னொருவர் புனித கத்தரீனா, இந்த ஊரில் மரம் வெட்டுவோரின் பாதுகாவலி. உப்பூருக்கு மரவெட்டி எதற்கு என்று என் மைத்துனர் கேட்டார். உப்புநீரைக் காய்ச்சி உப்பாக்க விறகு வேண்டும், மலை மலையாக வேண்டும். சுற்றியிருந்த காடு பத்தாமல் போய்த்தான் 1595 முதல் 1607 வரை பாடுபட்டு, மரத்தண்டுகளைக் குடைந்து, 40 கிலோமீட்டர் தூரம் எபென்சேவரை உப்புநீர்க் குழாய் போட்டார்கள். விறகு ஊருக்கு வர முடியாவிட்டால் உப்புநீர் விறகைத் தேடிப் போகட்டும் என்ற கணக்கு. ஆக, ஊருக்குச் சோறு போட்ட இரண்டு தொழிலும் மாதாவுக்கு வலப்புறமும் இடப்புறமும் நிற்கின்றன.

மண்டை ஓட்டு அறை என்கிறார்களே, அது எங்கே?

கோவிலுக்குப் பக்கத்திலேயே புனித மிக்கேல் சிற்றாலயம். அதன் கீழறைதான் 'பைன்ஹவுஸ்', எலும்பு வீடு. ('பைன்' என்றால் இன்றைய ஜெர்மனில் கால். பழைய பொருள் எலும்பு. என் ஜெர்மன் ஆசிரியை விளக்கும்வரை நான் 'கால் வீடு' என்றே நினைத்திருந்தேன்.) நுழைய ஒரு சிறு கட்டணம் உண்டு. சில்லறை நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும், குளிர்காலத்தில் குறையும். கிளம்புமுன் பங்கின் இணையதளத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

உள்ளே 1,200க்கும் மேற்பட்ட மண்டை ஓடுகள். அவற்றில் சுமார் 610 வண்ணம் தீட்டியவை. கீழே தொடை எலும்புகளை அடுப்புக்கு விறகு அடுக்கியதுபோல் நீளவாக்கில் அடுக்கி, அதன்மேல் மண்டை ஓடுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

யாராவது கொலை, கொள்ளைநோய் என்று செத்தவர்களா?

இல்லவே இல்லை. எல்லாரும் கீழே தெருவில் நடமாடிய சாதாரண ஊர்க்காரர்கள்.

மறுபடியும் அதே இடப் பஞ்சம்தான். கோவிலைச் சுற்றி இருக்கும் கல்லறைத் தோட்டம் மிகவும் சின்னது. பாறையில் மேலும் தோண்ட முடியாது. உடலை எரிப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963வரை அனுமதிக்கவில்லை. என்ன செய்வது? புதைத்துப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே குழியை அடுத்தவருக்குத் திறந்தார்கள். கிடைத்த எலும்பைத் தூக்கிப் போட மனம் வருமா? மண்டை ஓட்டைச் சுத்தம் செய்து, வெயிலிலும் நிலவிலும் வாரக்கணக்கில் வைத்து, தந்த நிறம் வந்ததும் உள்ளே கொண்டு வைத்தார்கள்.

வண்ணம் தீட்டும் வழக்கம் 1720 வாக்கில் தொடங்கியது. நெற்றியில் சிலுவை, பெயர், பலவற்றில் இறந்த தேதி. தலையைச் சுற்றி மாலை. ஆண்களுக்குக் கருவாலி இலை, வாகை இலை, ஐவிக் கொடி. பெண்களுக்குப் பெரும்பாலும் ரோஜா. பழைய ஓடுகளில் மாலை தடிமனாக, இருட்டுப் பச்சையாக இருக்கும். பிந்தியவற்றில் பூக்கள் சிவப்பும் நீலமுமாகப் பளிச்சென்று இருக்கும். குனிந்து ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பெயரை எழுதியவர் நெற்றியின் வளைவுக்கு எழுத்தை வளைத்திருப்பார். இடம் போதாமல் கடைசி எழுத்து ஒதுங்கி நிற்கும். அதைப் பார்த்த பிறகு எனக்கு அது கண்காட்சிப் பொருளாகத் தெரியவில்லை. யாரோ ஒருவர் மடியில் வைத்து எழுதியது.

குடும்பம் குடும்பமாக அடுக்கியிருக்கிறார்கள். அக்கா மகளுக்கு ஏழு வயது. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள், "மாமா, பக்கத்துல பக்கத்துல எல்லாம் ஒரே பேரு" என்றாள். சொந்தக்காரங்கதான் என்றேன். "அப்ப சரி" என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

அப்படியானால் குழந்தைகளைக் கூட்டிப் போகலாம் என்கிறீர்களா?

போகலாம். முன்கூட்டியே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள். பயப்படுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

இப்போதும் இந்த வழக்கம் இருக்கிறதா?

அநேகமாக நின்றுவிட்டது. எரிப்பதற்கு அனுமதி கிடைத்ததும் இடப் பிரச்சினை குறைந்தது, 1960களிலேயே தேய்ந்துவிட்டது. கடைசியாக வந்தது ஒரு பெண்மணியின் மண்டை ஓடு. 1983ல் இறந்தவர். தன்னையும் இங்கே வைக்க வேண்டும் என்பது அவர் கடைசி விருப்பம். 1995ல் கொண்டுவந்து வைத்தார்கள். சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கிறார். அடையாளம் சுலபம்: ஒரு தங்கப் பல் மின்னும்.

போட்டோ எடுக்கலாமா? உடை? செருப்பு?

செருப்பைக் கழற்ற வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை, ஆண்கள் உள்ளே தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பூசை நடக்கும்போது படம் வேண்டாம். மற்ற நேரத்தில் அங்கே எழுதி வைத்திருப்பதைப் படித்து அதன்படி நடங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது.

மண்டை ஓட்டோடு செல்ஃபி எடுக்கலாமா என்று கேட்ட நண்பரிடம், உங்கள் தாத்தா கல்லறையில் ஒரு வெளிநாட்டுக்காரர் நாக்கை நீட்டிப் படம் எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன் போல, ஒரு வாரம் பேசவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கும் இதுவே பொருந்தும். அது இன்றும் புழக்கத்தில் இருப்பது. கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார் இருவரும் அங்கேதான் உறங்குகிறார்கள். ஒவ்வொரு கல்லறையும் ஒரு குட்டித் தோட்டம். பாதை ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள்.

ஒரு துணுக்கு: 1734ல் சுரங்கத்தில் உப்புக்குள் கெடாமல் இருந்த ஓர் ஆதிகால மனிதனின் உடல் அகப்பட்டது. அவனை ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே புதைத்துவிட்டார்கள் என்பது வரலாறு. உயிரோடிருந்த அண்டை வீட்டாரை மதத்துக்காகப் படகேற்றிய அதே வருடம்.

எந்த மாதம் போனால் நல்லது?

கூட்டம் பிடிக்காதவர்கள் ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். உச்சநாட்களில் பத்தாயிரம் பேர்வரை வருவதால் 2023ல் ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடவே செய்தார்கள். அதே வருடம் செல்ஃபிக் கூட்டத்தை மறைக்க ஒரு மரவேலி போட்டு, எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். பேருந்துகள் போன பிறகும், காலையில் அவை வருமுன்பும் மேலே மணிச்சத்தமும் அருவிச்சத்தமும் மட்டும்தான். எனக்குப் பிடித்தது அக்டோபர்.

பக்திக்காகப் போகிறவர்களுக்கு இரண்டு நாட்கள் சொல்வேன். ஆகஸ்ட் 15, கோவிலின் பெருவிழா. இன்னொன்று கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா. ஆஸ்திரியாவில் அது வியாழக்கிழமை, அரசு விடுமுறை, ஈஸ்டருக்கு அறுபதாம் நாள். தெருவில் பவனி வர இங்கே தெரு எங்கே இருக்கிறது? நற்கருணையை, அதாவது கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பத்தை, படகில் ஏற்றி ஏரியில் பவனி வருகிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். உப்பு ஏற்றிய தட்டைப் படகுகளின் வாரிசுகளில் பூவும் பசுந்தழையும் கட்டி, பேண்டு வாத்தியத்தோடு போவார்கள். காற்று பலமாக அடித்தால் ரத்தாகும்.

பூசையில் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. ஜெர்மனில் நடக்கும், ஆனால் கத்தோலிக்கருக்கு எந்த இடத்தில் எழுவது, எங்கே முழந்தாளிடுவது என்று கால் தானாகவே சொல்லும். மற்ற சமயத்தார் பின் இருக்கையில் அமர்ந்து பார்க்கலாம், நற்கருணை வாங்கப் போக வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கோவில், கல்லறைத் தோட்டம், எலும்பு வீடு எல்லாம் சேர்த்து ஏற்ற இறக்கத்தோடு ஒன்றரை மணி நேரம். என் சித்தி போன்றவர் உடன் வந்தால் இரண்டரை.

இதே பயணத்தில் வேறு கோவில் ஏதாவது?

செயின்ட் வொல்ஃப்கங். வொல்ஃப்கங் ஏரிக்கரையில் இருக்கிறது, பாட் இஷ்ல் வழியாகப் பேருந்தில் போகலாம். அங்கே மைக்கேல் பாகர் 1481ல் முடித்த பலிபீடம் உண்டு. ஆஸ்டலுடையதைவிடப் பெரியது, புகழும் அதிகம். இரண்டையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். அடைத்தே தீருவேன் என்றால் ஹால்ஸ்டாட்டைக் காலையில் வையுங்கள், கடைசிப் படகுக் கவலை இருக்காது.